காணாமல் போன பக்கத்தைத் தேடியவர்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நெல்வயல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வயலுக்கு நான்கு பக்கம். வரப்பு மேலேயே நடந்து ஒரு முறை சுற்றி வந்தால் 96 மீட்டர். மூன்று பக்கங்களின் நீளம் தெரியும்: 30 மீட்டர், 22 மீட்டர், 24 மீட்டர். நான்காவது பக்கத்தை அளக்க மறந்துவிட்டார்கள். அது எவ்வளவு?

மிகச் சுலபம்! தெரிந்த மூன்றையும் கூட்டினால் 76. சுற்றளவான 96-இல் இருந்து 76-ஐக் கழித்தால் 20. விடுபட்ட பக்கம் 20 மீட்டர். டேப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வயலுக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

இந்தக் கணக்கில் என்ன செய்தோம், கவனித்தீர்களா? மொத்தம் தெரியும். அதில் சில பகுதிகள் தெரியும். மீதியைக் கழித்தல் காட்டிக்கொடுத்துவிட்டது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிப்பதுதான் இதில் உள்ள தந்திரம்.

சரி, இப்போது கணக்கைக் கொஞ்சம் கடினமாக்குவோம். கணியம்பாடியில் நின்று பார்த்தால் ஜவ்வாது மலைத் தொடர் தெரியும். அமிர்தி காட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போவார்கள். அந்த மலைத் தொடரில் ஒரு சிகரம். அதற்கு வெகு தூரத்தில் இன்னொரு சிகரம். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு, காடு, ஓடை, முள்புதர். ஒரு சிகரத்திலிருந்து மற்றொன்றுக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? அங்கே யாரால் டேப் பிடிக்க முடியும்? சுற்றளவை அளக்கலாம் என்றால், சுற்றி வரவும் வழி இல்லையே!

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டார். ஒரு வயலுக்கோ ஒரு மலைக்கோ இல்லை, ஒரு நாட்டுக்கே போட்டார். அவர் பெயர் வில்லியம் லாம்டன். அவர் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஏழைச் சிறுவனும் கணக்கும்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே நார்தலர்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள கிராஸ்பி கிரேஞ்ச் என்ற இடத்தில், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர் லாம்டன். வசதியான குடும்பம் இல்லை. ஆனால், கணக்கு என்றால் அந்தப் பையனுக்கு வெல்லம்! நன்றாகப் படித்ததால் நார்தலர்டன் பள்ளியில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு கிடைத்தது.

வளர்ந்ததும் படையில் சேர்ந்தார். அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அப்போது சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. அதில் தோற்ற ஆங்கிலேயப் படையோடு இவரும் கைதியானார். விடுதலையான பிறகு கனடா பக்கம் பல ஆண்டுகள் இருந்தார். நிலம் அளக்கும் வேலையும், படை முகாம்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கிடைத்தன. ஆள் நடமாட்டம் குறைந்த குளிர்ப் பிரதேசம் அது. மற்றவர்களுக்கு அங்கே பொழுது போகாது. லாம்டனோ புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, தானாகவே உயர்ந்த கணிதம் படித்தார். சூரிய கிரகணம் ஒன்றைப் பார்க்கப் போய் அவருடைய ஒரு கண்ணின் பார்வையும் கெட்டுப்போனது. (நீங்கள் கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. ஞாபகம் இருக்கட்டும்!)

இப்படிப் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இந்தியாவுக்கு வந்தார். அவர் செய்த பெரிய வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்!

நட்சத்திரம் காட்டிய வழி

1799-ஆம் ஆண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போனது. அந்தப் படையில் லாம்டனும் இருந்தார்.

ஓர் இரவு, படையின் ஒரு பிரிவு இருட்டில் நடந்துகொண்டிருந்தது. லாம்டன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது. படை போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக, எதிரியின் முகாமை நோக்கியல்லவா போய்க்கொண்டிருக்கிறது! உடனே தளபதியிடம் சொன்னார். தளபதிக்கு நம்பிக்கை வரவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்த பிறகுதான் லாம்டன் சொன்னது சரி என்று தெரிந்தது. படை திரும்பியது.

அந்தப் போரில் திப்பு சுல்தான் உயிரிழந்தார். மைசூர் நாட்டின் பெரும்பகுதி கம்பெனியின் பிடிக்குள் வந்தது. பிடித்த நாட்டில் எந்த ஊர் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் படையை அனுப்பலாம், எவ்வளவு வரி வாங்கலாம் என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்கு வரைபடம் தேவைப்பட்டது. ஆட்சி செய்கிறவர்களின் தேவை அது. லாம்டனுக்கோ அதைவிடப் பெரிய ஆசை இருந்தது. தென்னிந்தியாவைக் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை துல்லியமாக அளக்க வேண்டும். அதோடு, நாம் வாழும் பூமி எவ்வளவு பெரியது, அதன் வடிவம் என்ன என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்!

எல்லோரும் இதற்குத் தலையாட்டிவிடவில்லை. இவ்வளவு செலவு எதற்கு என்று சில அதிகாரிகள் கேட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, அவர்களே கொண்டுபோய் விட்டுவிடுவார்களே என்று கேலி பேசியவரும் உண்டு. ஆனால் கடைசியில் அனுமதி கிடைத்தது.

ஊர் சுற்றி வந்த கருவிகள்

வேலைக்கு இரண்டு முக்கியமான பொருள்கள் வேண்டும். ஒன்று, நீளம் அளக்கும் சங்கிலி. இன்னொன்று, கோணம் அளக்கும் கருவி. இரண்டும் லாம்டன் கைக்கு வந்த கதையே சுவாரசியமானது.

சங்கிலி எஃகால் ஆனது. நீளம் 100 அடி. அதாவது சுமார் 30 மீட்டர். இங்கிலாந்திலிருந்து சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருள்களில் அதுவும் ஒன்று. சீனாவில் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று திரும்பிவந்த பரிசு, இந்தியாவை அளக்க உதவியது!

கோணம் அளக்கும் கருவியின் பெயர் தியோடலைட். உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் கோணமானி இருக்கிறது அல்லவா? அதன் தாத்தா என்று இதைச் சொல்லலாம். கோணமானியை விரலிடுக்கில் பிடித்துவிடலாம். லாம்டனின் தியோடலைட்டோ அரை டன் எடை! அதன் வட்டத் தட்டின் குறுக்களவு மட்டும் 3 அடி. அதன் மேல் ஒரு தொலைநோக்கி. லண்டனில் செய்து கப்பலில் அனுப்பினார்கள். அப்போது ஆங்கிலேயர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சண்டை. நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பீரங்கி இல்லை, அறிவியல் கருவி! மொரீஷியஸ் ஆளுநர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். அறிவியலுக்கு எதிரி நாடு கிடையாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பரங்கிமலையில் ஒரு கோடு

1802, ஏப்ரல் 10. சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வேலை தொடங்கியது. பரங்கிமலைப் பக்கம் ஒரு முனை. தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் மறுமுனை. இரண்டுக்கும் இடையே சமதரை. அந்த நேர்கோட்டைச் சங்கிலியால் அளக்க வேண்டும். இதற்கு ஆதாரக் கோடு என்று பெயர்.

மொத்தம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். பேருந்தில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் லாம்டனின் ஆட்கள் 100 அடிச் சங்கிலியை 400 முறை வைத்து வைத்து அளந்தார்கள். அதுவும் சும்மா தரையில் போட்டு இழுக்கவில்லை. சங்கிலி தொய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, முக்காலிகள் மேல் நீளமான மரத் தொட்டிகளை வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெயில் படாமல் மேலே துணி கட்டினார்கள். பக்கத்திலேயே வெப்பமானி வைத்தார்கள்.

வெப்பமானி எதற்கு? வெயிலில் இரும்பு நீளும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எஃகுச் சங்கிலியின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், 100 அடிக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடலாமா? அதை 400-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,400 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்! ஏப்ரல், மே மாதச் சென்னை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் வெப்பத்தைக் குறித்துவைத்து, நீண்ட அளவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் கிடைத்த நீளம் சுமார் 40,006 அடி. ஓர் அடியின் சின்னச் சின்னப் பின்னங்களையும் லாம்டன் விடாமல் எழுதிவைத்தார். ஏன் இவ்வளவு பிடிவாதம்? இந்த ஒரு கோட்டில் ஓர் அடி தவறினால், மேற்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தவறு 47 அடியாக வளர்ந்துவிடும்!

ஒரு பக்கம் போதும்!

இப்போது நம் மலைக் கணக்குக்கு வருவோம். நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒரு தாளில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரையுங்கள். அதுதான் ஆதாரக் கோடு. ஒரு சென்டிமீட்டரை ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் இடது முனையில் 50 பாகைக் கோணமும், வலது முனையில் 60 பாகைக் கோணமும் கோணமானியால் அளந்து, இரண்டு கோடுகள் போடுங்கள். இரண்டும் மேலே ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தில்தான் மலை உச்சி இருக்கிறது!

இப்போது அளவுகோலை வைத்துப் பாருங்கள். இடது முனையிலிருந்து உச்சிக்குச் சுமார் 9.2 சென்டிமீட்டர். வலது முனையிலிருந்து சுமார் 8.2 சென்டிமீட்டர். அப்படியானால் மலை உச்சி ஒரு முனையிலிருந்து 9.2 கிலோமீட்டர், மறுமுனையிலிருந்து 8.2 கிலோமீட்டர். நீங்கள் மலையேறவே இல்லை. கீழே இரண்டு இடங்களில் நின்று கோணம் மட்டும் பார்த்தீர்கள். தெரியாத இரண்டு பக்கங்களும் கிடைத்துவிட்டன. மூன்றையும் கூட்டினால் சுற்றளவும் கிடைத்துவிடும்!

வயல் கணக்கில் சுற்றளவை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். இங்கே ஒரு பக்கத்தையும் இரண்டு கோணங்களையும் வைத்து மற்ற பக்கங்களைக் கண்டுபிடித்துவிட்டோம். லாம்டன் தாளில் வரைந்து அளக்காமல், திரிகோணமிதி என்ற கணக்கு முறையால் கண்டுபிடித்தார். அதை நீங்கள் பத்தாம் வகுப்பில் படிப்பீர்கள்.

கண்டுபிடித்த பக்கத்தை அவர் சும்மா விடவில்லை. அதையே அடுத்த முக்கோணத்துக்குத் தெரிந்த பக்கமாக வைத்துக்கொண்டார். அதிலிருந்து இன்னொரு பக்கம். அதிலிருந்து இன்னொரு முக்கோணம். இப்படியே ஒன்றோடொன்று ஒட்டிய முக்கோணங்களாக நாட்டின் குறுக்கே நகர்ந்தார். சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றைத் தியோடலைட் பார்த்தால் போதும்.

சென்னையிலிருந்து மேற்கே நகர்ந்த அந்த முக்கோணங்கள் கருங்குழி வழியாக நம் வட ஆற்காட்டு மலைகளைத் தொட்டன. போளூர்ப் பக்கம் உள்ள ஒரு மலையும், வேலூர்ப் பக்கம் உள்ள ஒரு மலையும் லாம்டனின் குறிப்புகளில் முக்கோணத்தின் முனைகளாக இடம்பெற்றிருக்கின்றன. போளூர்ப் பக்கத்து மலையை அவர் கர்நாட்டிகர் என்று எழுதினார். வேலூர்ப் பக்கத்து மலைக்குக் கைலாசகர் என்று பெயர். கணியம்பாடி இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருக்கிறது. நாம் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே பார்க்கும் மலைகள் எல்லாம் ஒரு காலத்தில் இந்தியாவை அளக்க உதவிய புள்ளிகள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

இங்கேதான் லாம்டனின் உண்மையான பெருமை இருக்கிறது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும். இரண்டு கோணங்கள் 50, 60 என்றால், மூன்றாவதை அளக்கவே தேவையில்லை. 180-இல் இருந்து 110-ஐக் கழித்தால் 70. நம் வயல் கணக்கு மாதிரியேதான்!

ஆனால் லாம்டன், முடிந்த இடங்களில் எல்லாம் மூன்றாவது உச்சிக்கும் அரை டன் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே நின்று மூன்றாவது கோணத்தையும் அளந்தார். மூன்றையும் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக வந்தால்தான் அடுத்த முக்கோணத்துக்குப் போவார். கழித்துக் கண்டுபிடித்த விடை, முதலில் அளந்தது சரியாக இருந்தால் மட்டுமே சரியாக இருக்கும். முதலிலேயே தவறு நடந்திருந்தால், கழித்தல் அதைக் காட்டிக்கொடுக்காது. மறைத்துத்தான் வைக்கும்!

பூமி உருண்டையாக இருப்பதால், மிகப் பெரிய முக்கோணங்களில் கூட்டல் 180 பாகையைவிட ஒரு துளி கூடுதலாக வரும். அந்தத் துளியையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

1804-ஆம் ஆண்டு முக்கோணங்கள் பெங்களூரை அடைந்தன. அங்கே லாம்டன் பெரிய பரீட்சை ஒன்றை வைத்தார். மாணவர்களுக்கு இல்லை, தனக்கே! பெங்களூர் அருகே ஏழு மைலுக்கும் மேற்பட்ட ஒரு கோட்டின் நீளத்தைச் சென்னையிலிருந்து வந்த முக்கோணங்களின் மூலம் கணக்குப் போட்டு வைத்தார்கள். பிறகு அதே கோட்டைத் தரையில் மறுபடியும் சங்கிலி வைத்து, முதலிலிருந்து அளந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். இரண்டு வருட உழைப்பு. எத்தனையோ குன்றுகள். கணக்கும் சங்கிலியும் ஒத்துப்போகாவிட்டால் அவ்வளவும் வீண். கேலி பேசியவர்கள் சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

விடை என்ன தெரியுமா? ஏழு மைல் நீளக் கோட்டில் இரண்டு விடைகளுக்கும் இருந்த வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு! உங்கள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

இதற்குப் பின்னால் லாம்டன் மட்டும் இல்லை. கருவியை மலையேற்றிய கூலியாட்கள், வழியில் மரம் வெட்டியவர்கள், தொலைவில் உள்ள குன்றின் மேல் கொடியைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நின்றவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். மலேரியாக் காய்ச்சலும் காட்டு விலங்குகளும் அவர்களைத்தான் முதலில் தாக்கின. பலருடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

காணாமல் போன 40 மைல்

முக்கோணங்கள் மேற்கே நகர்ந்து மங்களூர்க் கடற்கரையைத் தொட்டன. கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 360 மைல் வந்தது. அதாவது 580 கிலோமீட்டர். அதுவரை இருந்த வரைபடங்களில் 400 மைல் என்று இருந்தது. ஒரே கணக்கில் 40 மைல் நிலம் காணாமல் போனது! நிலம் எங்கேயும் ஓடிவிடவில்லை. அது இல்லவே இல்லை, வரைபடம்தான் தவறு.

தஞ்சைக் கோபுரத்தில் ஒரு விபத்து

பிறகு லாம்டன் தெற்கே திரும்பினார். காவிரிப் பாசனப் பகுதி முழுக்கச் சமதரை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும்தான். குன்றே இல்லாத இடத்தில் கருவியை எங்கே வைப்பது? அங்கே கோயில் கோபுரங்கள் இருந்தன.

1808-ஆம் ஆண்டு. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் உயர்ந்த விமானத்தின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி உயரத்தில் கயிறு நழுவியது. அரை டன் கருவி ஊசலாடிப் போய்ச் சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டத் தட்டு வளைந்து நெளிந்துபோனது. உலகத்தில் அப்படிப்பட்ட கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. புதிதாக ஒன்று லண்டனிலிருந்து வர வருடக்கணக்கில் ஆகும்.

லாம்டன் அழவில்லை, யாரையும் திட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. கருவியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் உட்கார்ந்தார். கூடவே உள்ளூர்க் கைவினைஞர்கள். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆப்பு வைத்து, திருகி, பழைய வட்ட வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரம் ஆனது. அந்தக் கருவி மறுபடியும் வேலை செய்யத் தொடங்கியது!

பூமியின் சுற்றளவு

லாம்டன் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரை போனார். பிறகு வடக்கு நோக்கிக் கிளம்பினார். தெற்கு வடக்காக இந்த முக்கோணங்கள் நீண்டதில் இன்னொரு ரகசியம் இருக்கிறது.

பூமியைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டால் 360 பாகை. அதில் ஒரு பாகையின் நீளம் தெரிந்தால் 360-ஆல் பெருக்கிச் சுற்றளவைச் சொல்லிவிடலாம். ஓர் இடம் இன்னொன்றிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறது என்பதை நட்சத்திரங்களைப் பார்த்துச் சொல்லலாம். எத்தனை கிலோமீட்டர் என்பதை முக்கோணங்கள் சொல்லும். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர். 360-ஆல் பெருக்குங்கள். 39,816 கிலோமீட்டர்! துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றி வரும் தூரம் உண்மையில் சுமார் 40,008 கிலோமீட்டர்.

ஏன் கொஞ்சம் குறைகிறது? பூமி சரியான பந்து இல்லை. துருவங்களில் சற்றே தட்டையாக இருக்கிறது. அதனால் ஒரு பாகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. துருவத்துக்குப் பக்கத்தில் அது 111.7 கிலோமீட்டர் வரை இருக்கும். இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதற்காகத்தான் லாம்டன் ஆயுள் முழுவதும் அளந்தார்.

1818-ஆம் ஆண்டு இந்த வேலைக்கு மகா திரிகோணமிதி நில அளவை என்ற பொருள் தரும் பெயரை அரசு வைத்தது. லாம்டனுக்கு உதவியாளராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட்!

லாம்டனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. அப்போதும் கூடார வாழ்க்கையை விடவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்குப் போகும் வழியில், 1823 ஜனவரியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்துபோனார். அந்த ஊர் இன்று மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் தொடர்ந்தார். முக்கோணங்கள் இமயமலை அடிவாரம் வரை போயின. மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர்! பிறகு அதே முறையில், தொலைவில் நின்றபடியே இமயச் சிகரங்களின் உயரத்தையும் அளந்தார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்த சிகரம் எது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதை. அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். லாம்டன் பெயரில் சிகரம் எதுவும் இல்லை. ஆனால், அந்த உயரத்துக்குப் போட்ட கணக்குக்கு முதல் படி, பரங்கிமலை அடிவாரத்தில் அவர் வைத்த சங்கிலிதான்.

நீங்களும் அளந்து பாருங்கள்

குட்டி நண்பர்களே, லாம்டன் செய்ததை நீங்களும் உங்கள் பள்ளி மைதானத்தில் சின்ன அளவில் செய்யலாம். நான்கு பக்கம் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நீளமான கயிற்றால் அதை ஒரு முறை சுற்றிக் கயிற்றை அளந்துகொள்ளுங்கள். அதுதான் சுற்றளவு. மூன்று பக்கங்களைத் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். சுற்றளவிலிருந்து கழித்து நான்காவது பக்கத்தைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதிவையுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள்! நான்காவது பக்கத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு விடைகளுக்கும் எவ்வளவு வித்தியாசம்? உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் உங்களுக்கு நீங்களே ஒரு சபாஷ் போட்டுக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால் கயிறு எங்கே தொய்ந்தது, டேப் எங்கே நழுவியது என்று தேடுங்கள். தேர்வில் கணக்குப் போட்டு முடித்ததும் விடையைச் சரிபார்க்க ஆசிரியர் ஏன் சொல்கிறார் என்பது அப்போது உங்களுக்கு நன்றாகவே புரிந்துவிடும்!